₹, °, ½, ௹: விசைப்பலகையில் இல்லாத குறிகளைச் சரியாக அடிப்பது எப்படி?

வேர்டில் 38 என்று அடித்து, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு, அதைச் சிறிதாக்கி மேலே தூக்கி வைத்தால் பார்வைக்கு 38 டிகிரிதான். அதே வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள், 380 ஆகியிருக்கும். மேலே தூக்கி வைத்தது வேர்டு செய்த அலங்காரம். ஒட்டும்போது அலங்காரம் உதிர்ந்துவிடும், பூஜ்யம் மட்டும் போய்ச் சேரும். காய்ச்சல் அளவோ, மருந்தைப் பாதுகாக்க வேண்டிய வெப்பநிலையோ இப்படிப் பத்து மடங்காகிப் போவது சின்னத் தவறல்ல.

கணினிக்கு உருவம் தெரியாது, எண்தான் தெரியும். பூஜ்யத்தின் எண் 48. டிகிரிக் குறியின் எண் 176. உலகத்து எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் இப்படி ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு. கீழே வரும் வழிகள் எல்லாமே செய்வது ஒரே வேலை: சரியான எண்ணைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதைப் போலவே தெரிகிற வேறொன்றைச் சேர்த்துவிட்டால் தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் தவறான இடத்தில் போய் உட்காரும், கணக்குப் போட்டால் பிழை வரும்.

விண்டோஸில் ஆல்ட் எண்கள்

விசைப்பலகையின் வலது ஓரத்தில் தனியாக நம்பர் பேட் இருந்தால் இதுதான் வேகமான வழி. நம்பர் பேடை இயக்கும் நம் லாக் (Num Lock) விசையின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். இடதுபக்க ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி நம்பர் பேடில் 0176 என்று அடித்து, பிறகு ஆல்ட்டை விடுங்கள். விட்ட கணத்தில்தான் ° வரும், அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசையில் அடித்தால் வேலை செய்யாது.

அடிக்கடி தேவைப்படுபவை இவை. மனப்பாடம் செய்ய நான்கைந்து போதும், மற்றவற்றை ஒரு சீட்டில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

° 0176
× 0215, ÷ 0247, ± 0177
¼ 0188, ½ 0189, ¾ 0190
² 0178, ³ 0179
– 0150, — 0151
‘ 0145, ’ 0146, “ 0147, ” 0148
• 0149, … 0133
© 0169, ® 0174, ™ 0153
£ 0163, € 0128, § 0167

முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. ஆல்ட்டோடு வெறும் 176 அடித்தால் ° வராது, ░ என்று புள்ளிபோட்ட கட்டம் வரும். காரணம் பழையது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி 437 என்ற எண்ணுடைய ஒரு பட்டியலை வைத்திருந்தது. அதில் 256 இடங்கள். திரையில் கட்டம் வரைய உதவும் கோடுகளுக்கே அதில் நிறைய இடம் போயிற்று. விண்டோஸ் பின்னால் தனக்கென்று இன்னொரு பட்டியலை வைத்துக்கொண்டது, பழையதையும் கைவிடவில்லை. பூஜ்யம் போட்டு அடித்தால் விண்டோஸ் பட்டியல், போடாமல் அடித்தால் ஐபிஎம் பட்டியல். பழைய பட்டியலில் ° இருப்பது 248-இல், ½ இருப்பது 171-இல். சிலருக்கு அந்த எண்கள் பழகியிருக்கும், அவையும் சரியே. √ (251), ∞ (236), π (227) மூன்றும் பழைய பட்டியலில் மட்டுமே உண்டு. ஆகவே இவற்றுக்குப் பூஜ்யம் போடக் கூடாது.

இந்த வழியில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் நம் லாக்கால் வருபவை. அது அணைந்திருந்தால் நம்பர் பேடின் 4 இடது அம்பாகிவிடும். உலாவியில் ஆல்ட்டும் இடது அம்பும் சேர்ந்தால் முந்தைய பக்கத்துக்குப் போ என்று பொருள். பாதி நிரப்பிய படிவத்தில் £ போடுவதற்காக ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 156 என்ற பழைய எண்ணை அடித்தால் 6 வலது அம்பாகும், வேறு எண்ணில் 4 வந்தால் பக்கமே பின்னால் ஓடிவிடும், நிரப்பியது போய்விடும். இன்னொன்று: தமிழ் எழுதிகளில் (தமிழ் தட்டச்சு மென்பொருள்களில்) சில, ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்தே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுகின்றன. அப்படியொன்று ஓடிக்கொண்டிருந்தால் குறி வராமல் மொழி மாறும். எழுதியை நிறுத்திவிட்டு அடியுங்கள், அல்லது அதன் குறுக்குவிசையை மாற்றிவையுங்கள்.

₹: மூன்று வழிகள், ஒரு பொறி

இந்திய ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. வடிவமைத்தவர் டி. உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 6.0 அதற்கு 8377 என்ற எண்ணைக் கொடுத்தது. விண்டோஸின் பட்டியலும் ஐபிஎம் பட்டியலும் அதற்கு வெகுமுன்னே முடிந்துபோனவை, ஆகையால் அவற்றில் ₹ கிடையாது. பழைய நோட்பேடிலோ உலாவியிலோ ஆல்ட்டோடு 8377 அடித்து ╣ வருகிறது என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்: 256 இடமே உள்ள பட்டியலில் 8377 அடங்காது. 8377-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 185, பழைய பட்டியலின் 185-ஆம் இடத்தில் இருப்பது ╣. வேர்டு பெரிய எண்ணையும் முழுதாக எடுத்துக்கொள்ளும், அங்கே 8377 அடித்தால் ₹ வரும்.

எல்லா இடத்திலும் வேலை செய்வது, விசைப்பலகை அமைப்பையே மாற்றுவது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய், ஆங்கிலம் (இந்தியா) மொழியைச் சேர்த்து, அதற்குரிய இந்திய விசைப்பலகையையும் சேருங்கள். பிறகு வலதுபக்க ஆல்ட்டோடு 4 அடித்தால் ₹. வலது ஆல்ட் இல்லாத விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். மொழி இந்தியாவாக இருந்தும் விசைப்பலகை அமெரிக்காவாக இருந்தால் வராது. இரண்டும் தனித்தனி அமைப்புகள், பலரும் இடறுவது இங்கேதான். விசையின் மேல் ₹ அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், அச்சுக்கும் அமைப்புக்கும் தொடர்பில்லை.

இலங்கை விலைக்கு ₹ போடாதீர்கள். அது இந்திய ரூபாயை மட்டுமே குறிக்கும். இலங்கை ரூபாவுக்கு ரூ. என்று எழுதுவதே தெளிவு. குறிதான் வேண்டுமென்றால் பொதுவான ₨ (8360) உண்டு.

வேர்டில் ஆல்ட்டும் எக்ஸும்

நம்பர் பேட் இல்லையென்றாலும் வேர்டிலும் அவுட்லுக்கிலும் இது கைகொடுக்கும். 2192 என்று சாதாரணமாக அடித்து உடனே ஆல்ட்டையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். எண் மறைந்து → வரும். இங்கே அடிப்பது பதினாறடிமான எண் (0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதுவது), ஆல்ட் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுத்தே கலக்காத, இலக்கம் மட்டுமுள்ளவை நிறைய இருக்கின்றன: 2013 –, 2022 •, 2082 ₂, 2212 −, 2260 ≠, 2264 ≤, 2265 ≥, 2611 ☑, 2713 ✓. ரூபாய்க் குறிக்கு மட்டும் 20, பிறகு ஆங்கில பி, பிறகு 9. தமிழ் விசைப்பலகையில் இருந்தால் பி வராது, ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘வெப்பம் 10’ என்று எழுதிவிட்டு ஒட்டியபடியே 2264 அடித்தால் வேர்டு 102264 என்று முழுதாகப் படித்துக்கொண்டு சம்பந்தமில்லாத எதையோ காட்டும். 2264-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் சரியாகிவிடும்.

இதன் இன்னொரு பயன் பெரியது, பலருக்கும் தெரியாதது. எந்த எழுத்தின் பின்னாலாவது கர்சரை வைத்து ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் அந்த எழுத்து தன் எண்ணாக மாறும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். யாரோ அனுப்பிய கோப்பில் இருப்பது டிகிரியா, மேலேற்றிய பூஜ்யமா என்ற சந்தேகம் இரண்டு அழுத்தலில் தீரும்.

எக்செல்லில் இந்த வழி கிடையாது. அங்கே யூனிசார் என்ற சூத்திரம் உண்டு: சமக்குறி போட்டு, யூனிசார் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, அடைப்புக்குள் 8377 கொடுத்தால் ₹. எழுத்திலிருந்து எண்ணை அறிய யூனிகோட் என்ற சூத்திரம். இரண்டும் எக்செல் 2013 முதல் இருக்கின்றன. இவை கேட்பதும் தருவதும் சாதாரண எண்களை.

நம்பர் பேட் இல்லாத லேப்டாப்

விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். இமோஜிப் பலகை திறக்கும், அதன் மேல்வரிசையில் குறிகளுக்கென்று ஒரு தாவல் உண்டு. பணக்குறி, கணிதக்குறி, அம்பு, நிறுத்தற்குறி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒருமுறை எடுத்தது அடுத்த முறை முன்னால் வந்து நிற்கும். நாளுக்கு நாலு குறி தேவைப்படுகிறவருக்கு இதுவே போதும்.

நாற்பது தேவைப்படுகிறவர் அமெரிக்கா-இன்டர்நேஷனல் என்ற விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வலது ஆல்ட்டோடு 6, 7, 8 அடித்தால் முறையே ¼, ½, ¾. சமக்குறி விசை ×, அதோடு ஷிஃப்ட்டும் சேர்ந்தால் ÷. அரைப்புள்ளி விசையோடு ஷிஃப்ட்டும் வலது ஆல்ட்டும் சேர்ந்தால் °. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மேற்கோள் குறி விசை உடனே எழுதாது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும், அதன் தலையில் கோடு போடுவதற்காக. வெறும் மேற்கோள் குறி வேண்டுமென்றால் பின்னால் ஸ்பேஸ் அடிக்க வேண்டும். பிரெஞ்சுப் பெயர்கள் அடிப்பவருக்கு இது வரம். நிரல் எழுதுகிறவருக்கு நாள் முழுக்க எரிச்சல்.

எந்த அமைப்பில் எந்த விசைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் விசைப்பலகை தோன்றும். அதில் வலது ஆல்ட்டைச் சொடுக்கினால் எல்லா விசைகளும் தம் இரண்டாவது முகத்தைக் காட்டும். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டும் இப்படிப் பாருங்கள்.

வேர்டிலேயே நாள் முழுக்க வேலை செய்கிறவர் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் என்று போய்த் தனக்கான சுருக்கத்தை வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒரு சுருக்கம், வலப்பக்கம் குறி. சுருக்கத்தை எந்தச் சொல்லிலும் தானாக வராததாகத் தேர்ந்தெடுங்கள். ‘டிகிடிகி’ என்று வைத்தால் ஆபத்தில்லை, ‘டிகிரி’ என்று வைத்தால் அந்தச் சொல்லையே இனி எழுத முடியாது.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஆப்ஷன் விசை எல்லாக் குறிகளுக்கும் வாசல். ஆப்ஷனோடு கழித்தல் விசை –, ஷிஃப்ட்டும் சேர்ந்தால் —. 8 என்றால் •, 2 என்றால் ™, சாய்கோடு ÷. டிகிரிக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், 8. ஆப்ஷனோடு கே அடித்தாலும் ஒரு சின்ன வட்டம் வரும். அது டிகிரி அல்ல, எழுத்தின் தலைமேல் வைக்கும் வளையம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்: ° ˚. கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் சேர்ந்தால் குறிகளைப் பெயர் சொல்லித் தேடும் பலகை திறக்கும்.

லினக்ஸில் பல மென்பொருட்களில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ அழுத்தி, பதினாறடிமான எண்ணை அடித்து என்டர் தட்டலாம். அதைவிட எனக்கு உகந்தது காம்போஸ் விசை. செட்டிங்ஸின் கீபோர்டு பகுதியில் பயன்படாத ஒரு விசையை அதற்கு ஒதுக்கிவிட்டால் எண்ணே வேண்டாம், உருவத்தை வைத்தே அடிக்கலாம்: காம்போஸ் தட்டி, 1, 2 என்றால் ½. ஆங்கில ஓ இருமுறை என்றால் °. எக்ஸ் இருமுறை என்றால் ×.

தமிழுக்குள்ளேயே இருக்கும் போலிகள்

௧ என்ற தமிழ் எண்ணும் க என்ற எழுத்தும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவம். ௨ – உ, ௭ – எ, ௮ – அ ஆகியவையும் அப்படியே. கணினிக்கோ ௧ என்பது 3047, க என்பது 2965. செய்யுள் எண்ணுக்கு எழுத்தைப் போட்டு வைத்தால் எண்ணாகத் தேடும்போது அகப்படாது. தமிழ் எண்கள் 3046 (௦) முதல் 3055 (௯) வரை வரிசையாக இருக்கின்றன. பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ அடுத்து வருகின்றன. பிள்ளையார் சுழிக்கு மட்டும் உ என்ற எழுத்தையே அடித்துவிடலாம்.

ஔவையார் இன்னும் மோசமாக அடிபடுகிறார். ஔ என்பது ஒரே எழுத்து, எண் 2964. ஒ அடித்து ள அடித்தால் ஒள, இரண்டு எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் ‘ஒளவையார்’ என்று எழுதிய பக்கங்கள் ஏராளம். ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்கு அவை நழுவிப்போகும். கௌரியும் கெளரியும் இதே கதை. வலது அம்பால் நகர்த்திப் பாருங்கள்: ஔ-வைக் கர்சர் ஒரே தாவலில் கடக்கும், ஒள-வில் நடுவில் ஒருமுறை நிற்கும். அதேபோல் ா என்ற துணைக்காலின் இடத்தில் ர என்ற எழுத்தைப் போடுவதும் உண்டு. பழைய தட்டச்சுப் பழக்கம், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இரண்டும் இதைச் செய்கின்றன.

அழைப்பிதழும் பத்திரமும் அடிக்கிறவர்களுக்குத் தேவையான குறிகள் யூனிகோடிலேயே இருக்கின்றன: ௳ நாள் 3059, ௴ மாதம் 3060, ௵ வருடம் 3061, ௶ பற்று 3062, ௷ வரவு 3063, ௸ மேற்படி 3064, ௹ ரூபாய் 3065, ௺ எண் 3066. வேர்டில் ஆல்ட்டோடு இந்த எண்களை நம்பர் பேடில் அடித்தால் ‘சித்திரை ௴ 10 ௳’ என்று சுத்தமாக வரும். மற்ற இடங்களுக்கு விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி சார்மேப் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். நிர்மலா யூஐ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு வியூவில் டிக் போட்டு, யூனிகோடு உட்பிரிவுகளில் தமிழைச் சொடுக்கினால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முந்திரி, காணி, மா, மாகாணி போன்ற பின்னங்கள் 2019-இல் யூனிகோடு 12.0-இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவை தெரிய நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் போன்ற எழுத்துரு பார்ப்பவர் கணினியிலும் இருக்க வேண்டும், இல்லையேல் வெறும் கட்டமே தெரியும். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று தெரியாத கோப்பில் அவற்றைப் போடாமல் இருப்பதே நல்லது.

கட்டம், கேள்விக்குறி, ஒட்டாத கணக்கு

வெறும் கட்டம் தெரிந்தால் எண் சரி, எழுத்துருவில்தான் உருவம் இல்லை. எழுத்துருவை மாற்றினால் தீரும். கேள்விக்குறி தெரிந்தால் நிலைமை வேறு: சேமிக்கும்போதே எண் தொலைந்துவிட்டது, திரும்பி வராது. பழைய நோட்பேடில் ஆன்சி என்ற முறையில் சேமித்தால் ₹-உம் தமிழும் இப்படித்தான் அழியும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (யூனிகோடு எண்களை முழுதாகச் சேமிக்கும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 என்று பெயரிலேயே உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள்.

விங்டிங்ஸ் போன்ற பட எழுத்துருக்களில் டிக் போடாதீர்கள். அங்கே டிக்காகத் தெரிவது உண்மையில் தலையில் இருபுள்ளி வைத்த ஆங்கில யூ. சிரிக்கும் முகமாகத் தெரிவது ஆங்கில ஜே. வேறு இடத்துக்குப் போனதும் முகமூடி கழன்று எழுத்து வெளியே வந்துவிடும். மின்னஞ்சல் முடிவில் காரணமில்லாமல் ஒரு ஜே நிற்பதன் காரணம் அதுதான். பாமினி முதலிய பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் இன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரிவதும் இதே கோளாறுதான்.

ஆனால் கணக்குச் செய்யும் கட்டத்துக்குள் அழகு பார்க்க வேண்டாம். − என்ற உண்மையான கழித்தல் குறியோடு எண்ணை ஒட்டினால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அங்கே விசைப்பலகையின் சின்னக் கோடே சரி. பெருக்கலுக்கும் நட்சத்திரக் குறிதான்.

இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தொகைகள் கூட்டலில் சேராமல் அடம் பிடித்தால், உள்ளே பிரியா இடைவெளி ஒளிந்திருக்கலாம். அதன் எண் 160. வரி உடையும் இடத்தில் ‘100’ மேலேயும் ‘கி.மீ.’ கீழேயும் பிரியாமல் இருக்க வேண்டுமென்றே இருக்கும் குறி அது, வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் அடித்து நாமே போடலாம். எக்செல்லிலிருந்து அதை நீக்க கண்ட்ரோல், ஹெச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஆல்ட்டோடு 0160 அடித்து, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஷிஃப்ட்டோடு 2 அடித்தால் @ வராமல் " வருகிறது, 3 அடித்தால் £ வருகிறது என்றால் விசைப்பலகை பழுதில்லை. ஆங்கிலம் (பிரிட்டன்) அமைப்புக்கு மாறியிருக்கிறது. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் கைதவறிச் சேர்ந்து விழுந்தாலே மாறிவிடும். @ இப்போது மேற்கோள் விசையில் இருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டிப் பழைய அமைப்புக்கு வாருங்கள், பிறகு மொழி அமைப்புகளுக்குப் போய் வேண்டாத விசைப்பலகையை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல் சரியாகத்தானே அடிக்கிறேன், ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது என்று திகைக்கும்போதும் இதை முதலில் பாருங்கள். புள்ளிகளாக மறைந்திருப்பதால் @ மாறிப்போனது அங்கே தெரியாது.